சிங்கவரத்தில் பெய்யாத மழை

செஞ்சி மழையைத் தேடித்தான் சிங்கப்பூரிலிருந்து போனேன். சொன்னால் சிரிப்பார்கள். எங்கள் ஊரில் பெய்கிற மழை போதாதா? மத்தியானம் வானம் கறுத்தால் பள்ளித் திடலில் மின்னல் எச்சரிக்கை ஊதும். பிள்ளைகள் கூரைக்கு அடியில் ஓடுவார்கள். அரை மணியில் எல்லாம் முடிந்து வெயில் அடிக்கும். நான் தேடிப் போனது வேறு மழை. பங்குனி, சித்திரை வெயிலில், ஒரே ஒரு நிலத்தில் மட்டும், நாள் தவறாமல் சாயங்காலம் ஐந்தரை மணிக்குப் பெய்த மழை.

என் வேலை பருவ முன்கணிப்பு. நாளைக்கு மழை வருமா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. வருகிற மூன்று மாதத்தில் வழக்கத்தைவிட மழை கூடுமா குறையுமா என்று சொல்லப் பார்ப்போம். பசிபிக் கடல் எங்கே சூடேறியிருக்கிறது, எங்கே ஆறியிருக்கிறது என்பதை வைத்துக் கணினியில் ஓர் உலகத்தை ஓட்டுவோம். ஒரு தடவை ஓட்டியதை நம்ப முடியாது. தொடக்கத்தைத் துளித் துளி மாற்றி ஐம்பது தடவை ஓட்டுவோம். பெரும்பாலானவை ஒரே பக்கம் சாய்ந்தால் கொஞ்சம் தைரியமாகப் பேசுவோம்.

இந்தக் கோடைக்குப் பெரும்பாலானவை ‘குறையும்’ என்றன. குறையத்தான் செய்தது. கணிப்பைச் சரிபார்க்கச் செஞ்சியைச் சுற்றி விவசாயிகளின் நிலத்தில் பதினோரு மழைமானிகளை வைத்திருந்தோம். பத்து அநேகமாகக் காய்ந்து கிடந்தன. சிங்கவரத்தில் இருந்த பதினோராவது மட்டும் தினமும் ஐந்தாறு மில்லிமீட்டர் மழை என்று அனுப்பிக்கொண்டே இருந்தது. முப்பத்தொன்பது நாள். பிறகு ஒருநாள் சட்டென்று நின்றுவிட்டது.

கருவிக் கோளாறு என்று ஒதுக்கியிருக்க வேண்டும். நான் ஒதுக்கவில்லை. செஞ்சியைச் சுற்றி மொட்டைப் பாறைகள் குவிந்து கிடக்கின்றன. பகலெல்லாம் வெந்த பாறை சாயங்காலம் காற்றை மேலே தள்ளி, தன் காலடியில் மட்டும் ஒரு சின்ன மழையை உண்டாக்குகிறது என்று ஒரு விளக்கம் எனக்குத் தோன்றியது. தோன்றிய நாளிலிருந்து அதன்மேல் எனக்குக் காதல் வந்துவிட்டது. படம் வரைந்தேன், கணக்குப் போட்டேன், குழுவின் முன்னால் நின்று அரை மணி நேரம் பேசினேன். கைதட்டினார்கள். எங்கள் குழுத் தலைவர் மட்டும், “போய் அந்தப் பாறையைத் தொட்டுப் பார்த்துவிட்டு வா” என்றார்.

போனது ஆனி மாதத்தில். முதல் நாளே ஊரைத் தவறவிட்டேன். எங்கள் ஊர்ப் பேருந்தில் ஒவ்வொரு நிறுத்தத்தின் பெயரையும் ஒரு குரல் சொல்லும். அந்தப் பழக்கத்தில் யாராவது எழுப்புவார்கள் என்று ஜன்னலில் தலைசாய்த்துத் தூங்கிவிட்டேன். கண் விழித்தபோது பக்கத்தில் ஓர் அம்மாள், மடியில் எலுமிச்சம்பழப் பையோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எங்கம்மா எறங்கணும்?”

“செஞ்சி.”

“செஞ்சியா? அது தாண்டி எம்மாம் நேரமாவுது! இன்னாம்மா, தூங்கிட்டியா?”

விஷயம் பஸ் முழுக்கப் பரவியது. கண்டக்டர் அங்கிருந்தே கத்தினார். “செஞ்சி செஞ்சின்னு தொண்ட கிழியக் கத்தினனே! காதுல வுழலியா?”

அன்று அமாவாசை. அது மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குப் போகிற சிறப்புப் பேருந்து. நடுவில் இறங்கினால் திரும்ப வண்டி கிடைக்காது என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்து என்னையும் கோயிலுக்கே அழைத்துப் போய்விட்டார்கள். அவ்வளவு தலைகளை நான் ஒரே இடத்தில் பார்த்ததில்லை. வேப்பிலையும் கற்பூரமும் வியர்வையும் கலந்த வாசனை. எலுமிச்சம்பழ அம்மாள் என் கையை விடவேயில்லை. ஓரமாக உட்கார வைத்துத் தூக்குச்சட்டியிலிருந்து புளிசோறு எடுத்துக் கொடுத்தார். கடலை போட்டுத் தாளித்த சோறு, காரம் நாக்கில் நின்றது.

“சிங்கப்பூரா? அங்க அங்காளம்மா இருக்குதா?”

“மாரியம்மா இருக்காங்க.”

“அப்ப பரவால்ல.”

இந்தக் கோடையில் உங்கள் பக்கம் மழை பெய்ததா என்று கேட்டேன். “மழயா?” என்று சுற்றியிருந்த பெண்களைப் பார்த்துச் சிரித்தார். “ஒரு நாளு கண்ணுல காட்டிட்டுப் போச்சி. அதுக்குத்தான ஆத்தாவாண்ட வந்துகினு இருக்கோம்.” அவர் ஊர் சிங்கவரத்திலிருந்து தூரம். என் மழை ஒரு நிலத்து மழை. எனவே அந்தச் சிரிப்பை நான் சட்டை செய்யவில்லை.

மறுநாள் காலை, செஞ்சியில் நான் எடுத்திருந்த அறைக்குக் குமரேசன் வந்தார். பக்கத்து அனந்தபுரத்துக்காரர். எங்கள் மழைமானிகளைத் துடைத்துப் பராமரிப்பது அவர் பொறுப்பு. வண்டியிலிருந்து விழுந்து கால் ஒடிந்து மூன்று மாதம் படுத்திருந்தார். இன்னும் லேசாக நொண்டினார். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் பொங்கலும் வடையும் சாப்பிட்டோம். நான் பாறைக் கதையை உற்சாகமாகச் சொன்னேன். அவர் வடையைப் பிட்டுச் சாம்பாரில் ஊறவைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

“நாங்க பொறந்ததுலேர்ந்து இந்த மலய பாத்துகினுதான் மேடம் இருக்கோம்” என்றார்.

மத்தியானம் ராஜகிரிக் கோட்டைப் பக்கம் போய்க் கொஞ்ச தூரம் ஏறினேன். கையடக்க வெப்பமானியைப் பாறைகளுக்கு நேரே பிடித்துப் பிடித்து எழுதிக்கொண்டேன். பாறை தோசைக்கல்லாகக் காய்ந்தது. என் கணக்குக்கு அது ரொம்பப் பொருந்தியது. எழுதும் உற்சாகத்தில் பை திறந்திருந்ததைக் கவனிக்கவில்லை. ஒரு குரங்கு வந்து பிஸ்கட் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு என் எதிரிலேயே உட்கார்ந்து தின்றது. கீழே நிழலில் நின்ற குமரேசன் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தப் பயணத்தில் நான் வாய்விட்டுச் சிரித்தது அதுதான் கடைசி.

நாலரை மணிக்குச் சிங்கவரம் போனோம். வழியில் வண்டி பஞ்சரானது. தள்ளிக்கொண்டே நடந்தோம். இரண்டு பக்கமும் பயிரில்லாத கொல்லைகள் வெளுத்துக் கிடந்தன. ஒரு வேலிக்கு அந்தப்புறம் எங்கள் மழைமானி மார்பளவு உயரக் கம்பத்தில் நின்றது. அதைத் தாண்டித் தகர ஷீட்டு போட்ட சின்ன வீடு, இரண்டு மாடுகள்.

நிலத்துக்காரர் ராமலிங்கத்தை எனக்குப் பெயராகத்தான் தெரியும். இடம் கொடுத்தவர்களுக்கு நாங்கள் செய்த ஒரே கைம்மாறு, தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு அவர்கள் கைபேசிக்கு ‘இன்று உங்கள் நிலத்தில் இவ்வளவு மழை’ என்று ஒரு தகவல் அனுப்புவது. வீட்டுக்குள் அவர் படத்துக்கு மாலை போட்டிருந்தது. சித்திரை நடுவில் போய்விட்டாராம். நெஞ்சில் கட்டி. சென்னையில் மகள் வீட்டில் தங்கி வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தவர். குமரேசன், கட்டுப் போட்ட காலோடு தானும் காரியத்துக்கு வந்ததாகத் தாழ்ந்த குரலில் சொன்னார்.

அவர் மனைவி பவுனம்மாள் எங்களுக்கு மோர் கொடுத்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். கறுத்து, காய்ந்த உடம்பு. நெற்றி வெறுமையாக இருந்தது. துக்கம் விசாரிக்க எனக்குச் சரியான சொல் வரவில்லை. நாலு வார்த்தை தடுமாறிவிட்டு, வெட்கமில்லாமல் என் கேள்விக்கு வந்தேன்.

“அம்மா, பங்குனி சித்திரையில இங்க தினமும் சாயங்காலம் மழை பெஞ்சுதாமே?”

அவர் என்னைப் பார்க்கவில்லை. “மெஷின் சொல்லிச்சில்ல?” என்றார். “மாட்டுக்குத் தண்ணி காட்டணும்” என்று எழுந்து போய்விட்டார்.

நாங்கள் கருவியிடம் போனோம். மேலே புனல் மாதிரி ஒரு வாய். அதன் வழியே இறங்கும் நீர் உள்ளே ஊஞ்சல் மாதிரி ஆடும் சின்னக் கிண்ணத்தில் விழும். நிறைந்ததும் கிண்ணம் கவிழும். எத்தனை முறை கவிழ்ந்தது என்று எண்ணி அனுப்பிவிடும். குமரேசன் மூடியைக் கழற்றினார். குனிந்து பார்த்தவர் நிமிரவில்லை.

“மேடம், இதப் பாருங்க.”

புனலின் உள்விளிம்பிலும் கிண்ணத்திலும் வெள்ளையாக ஏடு படிந்திருந்தது. நகத்தால் சுரண்டினால் பொரிந்து வந்தது.

“உப்பு பூத்திருக்குது” என்றார். “மழத் தண்ணியில ஏது மேடம் உப்பு? இது கெணத்துத் தண்ணி. இந்தப் பக்கத்துக் கெணறெல்லாம் இப்பிடித்தான். குடத்துல கூட இந்த மாதிரிதான் படியும்.”

என் பாறை, என் சாயங்கால மழை, அந்தக் கைதட்டல் எல்லாம் அந்த வெள்ளை ஏட்டில் முடிந்தன. எனக்கு முதலில் வந்தது கோபம்தான், அதை மறைக்க விரும்பவில்லை. யாரோ விளையாடியிருக்கிறார்கள், நான் ஏமாந்திருக்கிறேன் என்று மட்டும்தான் தோன்றியது. பவுனம்மாள் மாட்டுத் தொட்டியருகே எங்களுக்கு முதுகு காட்டி நின்றார். குமரேசன், “இப்ப கேக்க வாணாம் மேடம்” என்றார்.

அறைக்குத் திரும்பி மடிக்கணினியைத் திறந்தேன். அந்த முப்பத்தொன்பது நாளையும் மறுபடி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மழை சட்டென்று நின்ற தேதியைப் பார்த்ததும் குமரேசனுக்குப் போன் போட்டு ராமலிங்கம் இறந்தது என்றைக்கு என்று கேட்டேன். அவர் விரல்விட்டு எண்ணிச் சொன்னார். அதே நாள்தான். அந்த நாளிலிருந்து அந்த நிலத்தில் ஒரு சொட்டுக் கூட இல்லை.

கோபம் போய்விட்டது. அன்றைக்குச் சாப்பிடப் பிடிக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை தனியாக டவுன் பஸ்ஸில் சிங்கவரம் போனேன். பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் ரேஷன் கடையில் பருப்பு வந்துவிட்டதா என்று பேசிக்கொண்டு வந்தார்கள். பவுனம்மாள் முற்றத்தில் கடலைக்கொடியை உதறிக்கொண்டிருந்தார். காய்ந்து சுருங்கிய கொடி. என்னைப் பார்த்ததும் கை நின்றது.

“கண்டுபுடிச்சிட்டியா?” என்றார்.

“ஆமாம்மா.”

“ஒக்காரு.”

முற்றத்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம். அவர் கொஞ்ச நேரம் கொடியைப் பிய்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொல்ல ஆரம்பித்தார்.

“டாக்டரு சொல்லிட்டாரு, கட்டி கரைய முப்பத்தஞ்சு தபா கரண்டு வைக்கணும், நடுவுல வுட்டா வச்சதெல்லாம் வீணுன்னு. நான் கூடப் போவ முடியல. மாடு இருக்குது, கடல இருக்குது. பொண்ணாண்ட வுட்டுட்டு வந்துட்டேன். அவுருக்கு அங்க இருப்பே கொள்ளல. கடலைக்குத் தண்ணி கட்டணும், இங்க மோட்டாருக்குக் கரண்டு எப்ப வரும்னு சொல்ல முடியாது. நான் ஒண்டியா இருட்டுல கெணத்தாண்ட போறேன்னு அவுருக்கு பயம். போன வருசம் அங்கதான் ஒரு ஆளு பாம்பு கடிச்சி செத்துப் பூட்டான். ‘நீ போவாத, நான் வந்துடறேன்’னு தெனம் இதே பாட்டு.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“இங்க மழ பேஞ்சிச்சி, மோட்டாரே போடலன்னு சொன்னேன். வாய்லதான் சொன்னேன் மொதல்ல. ‘மெஷின் மழ இல்லன்னு மெசேஜ் குடுக்குது, நீ பொய் சொல்றியா’ன்னாரு. பொண்டாட்டிய நம்பல, மெஷின நம்புறாரு.” அவர் உதடு லேசாகக் கோணியது. “மறுநாளு சாயங்காலம் ஒரு டம்ளரு தண்ணி எடுத்துகினு போனேன்.”

வெள்ளி டம்ளரோ செம்போ இல்லை, தினமும் தண்ணீர் குடிக்கிற எவர்சில்வர் டம்ளர். ஒரேயடியாக ஊற்றினால் மெஷின் கண்டுபிடித்துவிடும் என்று பயந்து, விரல் இடுக்கில் சொட்டுச் சொட்டாக விட்டிருக்கிறார். ஒரு டம்ளர் தீரக் கால்மணி நேரம். மாடுகளுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வருகிற நேரம் என்பதால் தினமும் ஐந்தரை. மெஷின் கண்டுபிடிக்கவில்லை. அதைப் பார்த்துக்கொண்டு கடல் தாண்டி உட்கார்ந்திருந்த நானும் கண்டுபிடிக்கவில்லை.

“ஆறு மணிக்கு மெசேஜ் போவும். ஒடனே போன் வரும். ‘இன்னா பவுனு, நல்ல மழையாமே’ன்னுவாரு. கொரலே மாறிடும். கடல எப்பிடி இருக்குதுன்னு கேப்பாரு. பச்சப் பசேல்னு இருக்குதுன்னுவேன். இங்கதான் ஒக்காந்துகினு இருப்பேன். காஞ்ச கொல்லயப் பாத்துகினேதான் சொல்லுவேன்.”

கிணறு பங்குனியிலேயே இறங்கிவிட்டது. அவர் ஒருத்தியாக எவ்வளவு முயன்றும் பாதிக் கடலை காய்ந்துவிட்டது.

நான் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் மட்டும் மத்தியானம் மூன்று மணிக்கு, இரண்டு மடங்கு மழை. அதற்கும் நான் ஒரு விளக்கம் எழுதியிருந்தேன். அந்த நாளைக் கேட்டேன். அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

“அன்னிக்கு அவுரு பையத் தூக்கிகினு மெட்ராஸ்ல பஸ் ஸ்டாண்டுக்கே வந்துட்டாரு. பொண்ணு போன் பண்ணி அழுவுது, நான் சொல்லிக் கேக்கல, எதனா பண்ணும்மான்னு. பத்து மில்லி தாண்டினா ஆறு மணி வரைக்கும் காத்துகினு இருக்காது, ஒடனே மெசேஜ் போவும்னு அவுருதான் எனக்கு சொல்லிக் குடுத்தாரு. ஓடிப் போய் ரெண்டு டம்ளரு ஊத்தினேன். அவுரு திரும்பிப் பூட்டாரு.” கொடியைக் கீழே வைத்தார். “அதோட ஒம்போதாம் நாளு செத்துப் பூட்டாரு. நான் ஊத்தலன்னா அன்னிக்கு வூடு வந்து சேந்திருப்பாரு. என்னா, சாவத்தான் போறாரு. நம்ம வூட்ல, நம்ம மாட்டப் பாத்துகினு செத்திருப்பாரு. நான்தான் அவுர அங்கயே கட்டிப் போட்டேன்.”

வைத்தியம் முடியட்டும் என்றுதானே செய்தீர்கள் என்றேன். அவர் அதைக் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

“ஒரு நாளு நான் ஊத்தல” என்றார் திடீரென்று. “வருசப் பொறப்புக்கு மறுநாளு. அன்னிக்கு நெசமாவே பேஞ்சிச்சி. கொஞ்ச நேரந்தான்.”

பட்டியலில் பார்த்தேன். அன்று பக்கத்து மூன்று மழைமானிகளிலும் மழை இருந்தது.

“மத்தத எல்லாம் அழிச்சிடுவீங்களா?”

“அழிக்கணும்மா. பொய்யா இருந்தா கணக்கு கெட்டுப் போயிடும்.”

“அழிச்சிடு. பொய்தான.” எழுந்து நின்றார். “அந்த மெஷினயும் எடுத்துகினு பூடு கண்ணு. சாயங்காலமானா கை தானா டம்ளரத் தேடுது.”

மத்தியானம் குமரேசன் வந்து கருவியைக் கழற்றினார். திருகு துருப்பிடித்து இறுகியிருந்தது. பவுனம்மாள் வீட்டுக்குள்ளிருந்து தேங்காய் எண்ணெய் கொண்டுவந்து விட்டார். கம்பத்தையும் பிடுங்கிய பிறகு, சிமெண்டுத் தளத்தின் ஓட்டைகளில் மண்ணைத் தள்ளிக் காலால் மிதித்து மூடினார். கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும் போட்டுச் சாப்பிடாமல் விடமாட்டேன் என்றார். சாப்பிட்டேன். குழம்பு அருமையாக இருந்தது. அந்த வீட்டில் உட்கார்ந்து அதை ருசித்துச் சாப்பிட்டது எனக்கு என்னவோ போலிருந்தது.

புறப்படும்போது வேலி வரை வந்தார்.

“மெட்ராஸ் வழியாத்தான போவ? எம் பொண்ணு சுமதி அம்பத்தூர்ல இருக்குது. அதாண்ட இத சொல்லிடு. அதுக்குத் தெரியாது.”

“நீங்களே போன்ல சொல்லலாமேம்மா.”

“போன்லயா?” என்றார். “அம்மாம் பொய்யும் போன்லதான சொன்னேன்.”

நான்காம் நாள் அம்பத்தூர். மாடிப்படி செங்குத்தாக ஏறும் ஒரு சின்ன வாடகை வீடு. சுமதிக்கு முப்பது வயதிருக்கும். ஏற்றுமதித் துணி நிறுவனத்தில் தையல் வேலை. மத்தியான ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர், செஞ்சியிலிருந்து வருகிறேன் என்றதும் பையைக் கீழே வைத்துவிட்டு டீ போட்டார். அறையில் ஒரு கட்டில், அதன்மேல் மடித்து வைத்த போர்வை. அதில் யாரும் இப்போது படுப்பதில்லை என்று பார்த்தாலே தெரிந்தது.

நான் சொன்னேன். நேராகச் சொல்லத் தெரியாமல் மழைமானி எப்படி வேலை செய்கிறது என்பதிலிருந்து ஆரம்பித்தேன். டம்ளர் என்றதும் அவருக்குப் புரிந்துவிட்டது. டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

“எதனா பண்ணும்மான்னு சொன்னது நானு” என்றார். “பஸ் ஸ்டாண்டுல நின்னுகினு கத்தினேன். அம்மா இன்னா பண்ணிச்சின்னு நான் அதுக்கப்புறம் கேக்கவேயில்ல. மழ வந்துச்சி, நைனா திரும்பிட்டாருன்னு விட்டுட்டேன்.”

“அன்னைக்கு அவர் எப்படித் திரும்பினாரு? ஏதாவது சொன்னாரா?”

“மெசேஜப் பாத்தாரு. ரொம்ப நேரம் பாத்துகினே இருந்தாரு. அப்புறம் சிரிச்சாரு. ‘உங்கம்மா வுட மாட்டா, வா போவலாம்’னு பையத் தூக்கிகினாரு.”

சொல்லிவிட்டு நிறுத்தினார். தான் சொன்னதைத் தானே அப்போதுதான் கேட்டவர் மாதிரி என்னைப் பார்த்தார்.

“மழ வந்திச்சின்னா, ‘மழ வந்துட்டுது’ன்னுதான சொல்லுவாங்க?” என்றார். “உங்கம்மா வுட மாட்டான்னு ஏன் சொன்னாரு?”

அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

“அதுக்கு முன்னாடி ஒரு நாளு அம்மா போன் பண்ணிச்சி. எப்பவும் நைனாதான் பண்ணுவாரு, அன்னிக்கு அம்மாவே பண்ணிச்சி. பேசவேயில்ல. தகர ஷீட்டு மேல மழ வுழுற சத்தம் மட்டும் கேட்டுச்சி. நைனா போன காதுலேர்ந்து எடுக்கவேயில்ல. வச்சிட்டு, ‘இதான்டி மழ’ன்னாரு. நான் கண்டுக்கல. மாத்தர எடுத்துக் குடுத்துகினு இருந்தேன்.”

வருஷப் பிறப்புக்கு மறுநாளா என்று கேட்டேன். ஆமாம் என்றார். அதற்கு ஐந்து நாள் கழித்துத்தான் பஸ் ஸ்டாண்டு. அதற்குப் பிறகும் ராமலிங்கம் தினமும் ஆறு மணிக்கு மேல் போன் போட்டு, ‘நல்ல மழையாமே’ என்று கேட்டிருக்கிறார்.

சுமதி அன்றைக்கு ஷிப்டுக்குப் போகவில்லை. ஒரு பையில் இரண்டு புடவையைத் திணித்துக்கொண்டார். பஸ் ஸ்டாண்டு வரை கூடப் போனேன். செஞ்சி வழியாகப் போகிற வண்டி நின்றிருந்தது. ஏறுவதற்கு முன்னால், “இத சொன்னா அம்மாவுக்கு ஆறுதலா இருக்குமா, இன்னும் கஷ்டமா இருக்குமா மேடம்?” என்று கேட்டார். தெரியவில்லை என்றேன்.

ஊர் திரும்பியதும் குழுவின் முன்னால் நின்று என் விளக்கத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். கிணற்றுத் தண்ணீர், கையால் ஊற்றப்பட்டது என்று எழுதினேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. குழுத் தலைவர் மட்டும், “பாறை எப்படி இருந்தது?” என்றார். சூடாக இருந்தது என்றேன். முப்பத்தெட்டு நாளை அழித்தேன். ஒரு நாளை விட்டுவைத்தேன். அன்று சிங்கவரத்தில் மூன்று மில்லிமீட்டர் மழை.

ஒரு வாரம் கழித்துச் சுமதி பேசினார். பின்னால் மாட்டின் மணிச் சத்தம் கேட்டது. இன்னும் ஊரில்தான் இருக்கிறாராம்.

“அம்மாகிட்ட சொல்லிட்டேன் மேடம். நைனாவுக்குத் தெரிஞ்சிருக்கும்மா, தெரிஞ்சேதான் திரும்பினாருன்னு சொன்னேன். அம்மா அழுவும்னு நெனச்சேன், அழுவல. அப்புறம் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுச்சி.”

“என்ன கேட்டாங்க?”

“‘அப்ப கடல காஞ்சதும் அவுருக்குத் தெரியுமா’ன்னு கேட்டுச்சி.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“தெரியாதும்மா, கடல பச்சையா இருக்குதுன்னுதான் கடைசி வரைக்கும் எல்லார்கிட்டயும் சொல்லிகினு இருந்தாருன்னு சொல்லிட்டேன் மேடம்” என்றார் சுமதி. “அப்பத்தான் அம்மா அழுதுச்சி.”